ஒன்றை அழுத்தியது யார்?

அத்தியாயம் 4

"சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான் டைம். அதுக்கு மேல ஆண்டவனே வந்தாலும் எப்.ஐ.ஆர். போட்டுருவேன்" என்றார் இன்ஸ்பெக்டர் திருநாவுக்கரசு.

2009 ஜூன், வியாழக்கிழமை. மணி காலை பத்தேகால். சிதம்பரத்தில் அந்தக் காவல் நிலையத்து மின்விசிறி சுற்றுகிறதா, சும்மா பாவ்லா காட்டுகிறதா என்று எனக்குப் புரியவில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் மூன்று நாற்காலிகள். ஒன்றில் என் முதலாளி அகிலாண்டம். கடலூர் நுகர்வோர் நீதிமன்றத்தில் பதினாறு வருஷம் கிளார்க். ஊரார் புகாரையெல்லாம் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்து அலுத்துப்போய், வேலையை உதறிவிட்டு மஞ்சக்குப்பத்தில் துப்பறியும் ஆபீஸ் போட்டவர். அடுத்த நாற்காலியில் நான், அய்யனார், சொந்த ஊர் மங்கலம்பேட்டை. 'உதவியாளர்' என்று விசிட்டிங் கார்டில் இருக்கிறது. அந்தக் கார்டை அடித்ததும் என் கைக்காசில்தான்.

மூன்றாவது நாற்காலியில் அனுப்பிரியா, வயது இருபத்துநாலு. விருத்தாசலம் தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளராகத் திங்கட்கிழமை சேர வேண்டிய பெண். நியமன ஆணை அவள் கைப்பைக்குள் இருந்தது. பரீட்சை எழுதி, மூன்று வருஷம் காத்திருந்து வாங்கிய ஆணை. அவள் மேல் ஐந்து மணிக்குத் திருட்டு கேஸ் பதிவானால், திங்கட்கிழமை அந்தக் காகிதத்தை வைத்து விசிறிக்கொள்ளலாம். அதனால்தான் அவள் அப்பா எங்களிடம் ஓடி வந்திருந்தார்.

"கேஸை ஒருக்கா சொல்லுங்க சார்" என்றார் அகிலாண்டம்.

"ரொம்ப சிம்பிள் மேடம். கீழ வீதி சிங்காரம் டிராவல்ஸ். இந்தப் பொண்ணு அங்க வேலை பாக்குது. செவ்வாக்கிழமை பதினோரு மணிக்கு ஓனர் சிங்காரம் பேங்குக்குப் போறாரு. போகும்போது பீரோவுல அவரு மருமக பிரீதாவோட பாஸ்போர்ட் இருந்துச்சு. பன்னெண்டு மணிக்கு வந்து பாக்குறாரு, இல்ல. நடுவுல ஆபீஸ்ல இருந்தது இது மட்டும்தான்."

"நான் நடுவுல பன்னெண்டு நிமிஷம் வெளிய போனேன் சார்" என்றாள் அனுப்பிரியா. அழுது முடித்த தொண்டை. "சர்டிபிகேட் காப்பியில கையெழுத்து வாங்கப் பக்கத்து ஸ்கூல் எச்.எம்.கிட்ட போனேன். அவரு ரூம் பூட்டியிருந்துச்சு. திரும்பி வந்துட்டேன். நான் வேலைய விட்டுப் போறது ஓனருக்குத் தெரியாது. அதான் சொல்லாம போனேன்."

"உன்ன ஸ்கூல்ல பாத்தவங்க யாரு?"

"யாரும் இல்ல சார்."

இன்ஸ்பெக்டர் என் முதலாளியைப் பார்த்து, 'கேட்டீங்களா?' என்பதுபோல் கையை விரித்தார்.

"அதோட வுட்டாக்கூடப் பரவால்ல மேடம். அன்னிக்கு இன்டர்நெட் வேலை செய்யலன்னு மின்னல் பிராட்பேண்ட் கஸ்டமர் கேருக்கு ஆபீஸ் போன்லேருந்து இது பேசியிருக்குது. பதினொண்ணு பத்துக்கு ஆரம்பிச்ச கால். ஸ்பீக்கர்ல போட்டுட்டுக் காத்துக்கினு இருந்திருக்குது. அந்த மிஷின் நாலு நிமிஷத்துக்கு ஒருக்கா, 'தொடர்ந்து காத்திருக்க ஒன்றை அழுத்தவும்'னு சொல்லுமாம். அழுத்தலன்னா லைன் கட். சிங்காரம் சொன்னாரு. பன்னெண்டு நிமிஷம் இது வெளிய போயிருந்தா லைன் செத்துப் போயிருக்கணும்ல? ஆனா போன் டப்பாவுல நாப்பத்திரண்டு நிமிஷம், ஒரே கால்னு நிக்குது. என் கண்ணால பாத்தேன். அப்ப இது வெளிய போகல. போகலன்னா பீரோவத் தொறந்தது யாரு?"

"நான் திரும்பி வந்தப்போ லைன்ல பாட்டு ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு சார். எனக்கே ஆச்சரியம்."

"மிஷின் பொய் சொல்லாதும்மா. மனுஷங்கதான் சொல்லுவாங்க."

அகிலாண்டம் எழுந்தார். "மிஷின் பொய் சொல்லாதுன்னு நானும் ஒத்துக்கறேன் சார். அதனால அதையே சாட்சிக்குக் கூப்பிடறேன். வா, அய்யனார். அனு, நீயும் வா."

"ஓடிட மாட்டாளே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஓடுறவ ரெண்டு நாளா உங்க பெஞ்சத் தேச்சுக்கினு உக்காந்திருப்பாளா?" என்றேன் நான். அகிலாண்டம் என் காலை மிதித்தார்.

* * *

ஸ்டேஷனுக்கு எதிரில் டீக்கடை. பெஞ்சில் என்னை உட்கார வைத்து, என் கையில் என் செல்போனையே கொடுத்து, "மின்னல் பிராட்பேண்ட் நம்பரைப் போடு. புகார்ப் பிரிவுக்குப் போய்க் காத்திரு" என்று சொல்லிவிட்டு அகிலாண்டம் பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

போட்டேன். தேன் தடவிய ஒரு பெண் குரல் வரவேற்றது. தமிழுக்கு ஒன்று என்றது, அழுத்தினேன். புதிய இணைப்புக்கு ஒன்று, எங்கள் புதிய திட்டங்களைக் கேட்க இரண்டு, புதிய திட்டங்களை நண்பருக்குச் சொல்ல மூன்று, புகாருக்கு நான்கு. நான்கை அழுத்தினேன். தொலைபேசிப் புகாரா, இணையப் புகாரா, இரண்டுமா? இணையம். மெதுவாக வருகிறதா, விட்டு விட்டு வருகிறதா, வரவே இல்லையா? வரவே இல்லை. மோடத்தை அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா? அடி அம்மா, மோடமே என்னிடம் இல்லையே!

"எங்கள் அதிகாரிகள் அனைவரும் மற்ற வாடிக்கையாளர்களுடன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது."

பிறகு ஷெனாய். அது கல்யாணத்துக்கு வாசித்ததா, கருமாதிக்கு வாசித்ததா என்று கடைசிவரை பிடிபடவில்லை. நாலு நிமிஷம் ஆனதும் ஷெனாய் நின்றது. ஒன்றை அழுத்தச் சொன்னாள், அழுத்தினேன். மறுபடி நாலு நிமிஷம், மறுபடி ஒன்று. இப்படியே பதினாறு நிமிஷம். கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. என் ஊரில் ரேஷன் கடை வரிசையில் நின்றிருக்கிறேன். அங்கேயாவது முன்னால் நிற்கிறவன் முதுகு தெரியும், எத்தனை பேர் என்று எண்ணலாம். இங்கே யார் முன்னால், எத்தனை பேர், ஒன்றும் தெரியாது. திட்டினாலும் அவளுக்கு உறைக்காது.

"யாருகிட்ட மச்சான் பேசுற?" என்றார் டீக்கடைக்காரர். "கால் மணி நேரமா 'உம்'முனுகூடச் சொல்லல. பொண்டாட்டியா?"

"பொண்டாட்டியா இருந்தா நடுவுல ஒருக்கா மூச்சு வுடுவா."

அந்த நேரம் பார்த்து எண்ணெய்ச் சட்டியிலிருந்து மெதுவடை இறங்கியது. போனைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தேன். இரண்டு வடை எடுத்து, சட்னிக்குச் சண்டை போட்டு, திரும்பி வந்து போனைக் காதில் வைத்தால் சத்தமே இல்லை. லைன் கட்.

"அடிப் பாவி!" என்று நான் கத்திய கத்தலில் தெருவில் போன சைக்கிள்காரர் இறங்கிவிட்டார். "இருபது நிமிஷம்! முழுசா இருபது நிமிஷம் போச்சு மேடம்! மறுபடியும் மொதல்லேருந்தா?"

அகிலாண்டம் பேப்பரை மடித்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"இன்ஸ்பெக்டர் சொன்னது நிஜமான்னு பாக்கத்தான் உன்னை உக்கார வெச்சேன். நிஜம்தான்."

"அப்ப நான் சோதனை எலியா?"

"வடையக் கண்டதும் போன பாரு, எலியேதான். இப்ப கேளு. அழுத்தலன்னா லைன் கட்டாகும், நிஜம். அன்னிக்கு லைன் கட்டாகல, அதுவும் நிஜம். இந்தப் பொண்ணு வெளிய போனதும் நிஜம்னு வெச்சுக்க. மூணும் நிஜம்னா?"

"இவ இல்லாத நேரத்துல வேற யாரோ ஒன்றை அழுத்தியிருக்காங்க" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "ஆனா மேடம், திருட வந்தவன் பீரோவத் தொறந்தமா, எடுத்தமா, போனமான்னு இருப்பான். போன்ல மிஷின் கேக்குதேன்னு அழுத்துவானா? அவ்வளவு பொறுப்பான திருடன் நம்ம ஜில்லாவுல ஏது?"

"லைன் கட்டானதும் நீ ஏன் கத்தின?"

"இருபது நிமிஷம் காத்திருந்தேனே! வயித்தெரிச்சல்!"

"அந்த வயித்தெரிச்சல் புதுசா வர்ற திருடனுக்கு இருக்குமா? அவனுக்கு அது வெறும் சத்தம். காதுலகூட ஏறாது. இந்தப் போனைப் புடிச்சிக்கினு ஏற்கனவே நாள்கணக்கா அவஸ்தப்பட்டவங்க யாரோ, அவங்களுக்குத்தான் கை தானாப் போயிருக்கும். ஆம்பளையோ பொம்பளையோ, அந்த வீட்டு ஆள்."

அனுப்பிரியா மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நாளில் முதல் முறையாக அவள் சொன்னதை ஒருவர் நம்பியிருக்கிறார்.

"அது யாருன்னு எப்படிக் கண்டுபுடிக்கறது மேடம்?"

"கம்பெனிக்காரன்கிட்டயே கேப்போம்."

"நான் மறுபடியும் அந்த ஷெனாயக் கேக்க மாட்டேன்" என்றேன். "வேலைய விட்டே போறேன்."

"குடு இப்படி." அகிலாண்டம் போனை வாங்கினார். தமிழுக்கு ஒன்று. அடுத்து, புகாருக்கு நாலை அழுத்தவில்லை. புதிய இணைப்புக்கு ஒன்றை அழுத்தினார். முதல் மணியிலேயே ஓர் ஆண் குரல் பாய்ந்து வந்தது.

"வணக்கம் மேடம்! மின்னல் பிராட்பேண்ட்! எந்த ஏரியாவுக்குக் கனெக்ஷன் வேணும் மேடம்?"

நான் வாயைப் பிளந்தேன். இருபது நிமிஷமாக எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம்! வாங்க வருகிறவனுக்கு வாசலிலேயே ஆள், வாங்கி மாட்டிக்கொண்டவனுக்கு ஷெனாய்.

"கனெக்ஷன் வேணாம் தம்பி. புகார்ப் பிரிவுல மனுஷ ஜென்மம் ஒண்ணுக்கு லைன் குடுங்க."

"அது வேற டிபார்ட்மெண்ட் மேடம். நீங்க நாலை அழுத்தி…"

"அழுத்தி அழுத்தி என் ஆளுக்கு விரல் தேஞ்சுபோச்சு. உங்க பேரச் சொல்லுங்க. நேரம் பதினொண்ணு இருபத்தஞ்சு. புகாரை வாங்க மறுத்தார்னு எழுதிக்கறேன். கன்ஸ்யூமர் கோர்ட்டுல பதினாறு வருஷம் இருந்தவ நான். எங்க, எத்தன காப்பி குடுக்கணும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன்."

"லைன்லயே இருங்க மேடம்" என்றது குரல், சுருதி இறங்கி. அரை நிமிஷத்தில் ஒரு பெண் வந்தாள். பெயர் பொன்னியாம். அகிலாண்டம் ஸ்பீக்கரைப் போட்டு, போனை அனுப்பிரியாவிடம் நீட்டினார். "புகார் குடுத்தது நீ. நம்பரைச் சொல்லி, நீயே கேளு."

அனுப்பிரியா புகார் எண்ணைச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை நாற்பத்திரண்டு நிமிஷத்தின் கடைசியில் கிடைத்த ஒரே பலன் அந்த எண்தான். இந்த இணைப்பில் இதுவரை வந்த புகார்களையெல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"உங்களோடது நாலாவது மேடம். இதுக்கு முன்னாடி மூணு இருக்கு. ஞாயித்துக்கிழமை ஒண்ணு, திங்கக்கிழமை ஒண்ணு, செவ்வாக்கிழமை காலைல ஒம்போது அம்பதுக்கு ஒண்ணு. மூணுமே பிரீதாங்கற பேர்ல, இதே லேண்ட்லைன்லேருந்து வந்திருக்கு. மூணையும் 'சரிசெய்யப்பட்டது'ன்னு க்ளோஸ் பண்ணியிருக்காங்க."

"சரியாச்சா?" என்றேன் நான்.

"ஆகியிருந்தா நாலாவது ஏன் சார் வருது?" என்றாள் பொன்னி. உடனே குரலைத் தாழ்த்தி, "இதை நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்றாள். பரவாயில்லை, அந்த மிஷினுக்குள்ளும் ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறாள்.

போனை வைத்ததும் அனுப்பிரியாவின் முகம் மாறியது.

"மேடம், ஒம்போது அம்பதா? நான் பத்து மணிக்குத்தான் ஆபீஸ் வருவேன். நேத்து ஸ்டேஷன்ல, 'பிரீதா செவ்வாக்கிழமை காலைல ஆறு மணி பஸ்ஸுக்கே கடலூர் போயிட்டா, அம்மா வீட்டுக்கு'ன்னு ஓனர் சொன்னாரே. புகார்லயும் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்காரு."

"ஆறு மணிக்குக் கடலூர் போனவ, ஒம்போது அம்பதுக்குச் சிதம்பரத்து ஆபீஸ் போன்ல எப்படிம்மா பேசுவா?" என்றார் அகிலாண்டம்.

* * *

சிங்காரம் டிராவல்ஸ் கீழ வீதியில் முன்பக்கம் ஆபீஸ், பின்பக்கம் வீடு. நடுவில் ஒரு கதவு. சிங்காரத்துக்கு அறுபது வயது இருக்கும். வெள்ளைச் சட்டையில் பேனா, நெற்றியில் பட்டை. அனுப்பிரியாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்க மருமக அட்ரஸ் வேணும்" என்றார் அகிலாண்டம்.

"எதுக்கு? பாஸ்போர்ட் போன துக்கத்துல அம்மா வீட்டுல கெடக்குது. அதைப் போயி நோண்டாதீங்க."

"பாஸ்போர்ட் கெடைக்கும்னு நம்பிக்கை இருக்குதா?"

"கெடைச்சா என்னா, கெடைக்காட்டி என்னா? எப்.ஐ.ஆர். காப்பி எப்ப கைக்கு வரும், அதைச் சொல்லுங்க. நாளைக்கே பாஸ்போர்ட் ஆபீசுக்கு அனுப்பி அதை கேன்சல் பண்ணணும். எவனாவது தப்பாப் பயன்படுத்திட்டான்னா?"

வெளியே வந்தோம். அகிலாண்டம் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"ஏன் மேடம்?"

"பொருளைத் தொலைச்சவன் பொருள் கெடைக்குமான்னு கேப்பான். இந்த ஆளு காப்பி கெடைக்குமான்னு கேக்கறான். கடலூர் பஸ்ஸப் புடி."

பிரீதாவின் அம்மா வீடு கடலூர் முதுநகரில் என்பது அனுப்பிரியாவுக்குத் தெரிந்திருந்தது. அவளை டீக்கடைக்காரர் பொறுப்பில் ஸ்டேஷன் எதிரிலேயே விட்டுவிட்டு நாங்கள் கிளம்பினோம். ஆள் காணோம் என்று இன்ஸ்பெக்டர் அதையும் ஒரு கேஸாக எழுதிவிடக் கூடாதே!

* * *

கதவைத் திறந்தது பிரீதாவேதான். இருபத்தெட்டு வயது. கூடத்தில் பாதி கட்டிய பெட்டி, மேலே மடித்து வைத்த வெள்ளை நர்ஸ் கோட்டு. துக்கத்தில் கிடக்கிற லட்சணம் எதுவும் தெரியவில்லை.

அகிலாண்டம் சுற்றி வளைக்கவில்லை. "செவ்வாக்கிழமை அந்தப் போன்ல எத்தன தடவை ஒன்றை அழுத்தின?"

பிரீதா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "மூணு தடவை" என்றாள். பிறகு தலையை நிமிர்த்தினாள். "என் பாஸ்போர்ட். என் போட்டோ ஒட்டினது, என் கையெழுத்து போட்டது. அதை நான் எடுத்தா திருட்டா?"

"யாரு சொன்னது திருட்டுன்னு?"

"மாமாதான் சொல்வாரு. எனக்கு மஸ்கட்ல நர்ஸ் வேலை கெடைச்சிருக்குது மேடம். கெடைச்ச அன்னிக்கே, 'பத்திரமா வெக்கிறேன்'னு பாஸ்போர்ட்ட வாங்கி ஆபீஸ் பீரோவுல பூட்டிட்டாரு. மூணு மாசமா கேக்கறேன். மருமக வெளிநாடு போயி சம்பாதிச்சா அவரு மானம் போயிடுமாம். விசா காப்பி மெயில்ல வரணும், நெட்டும் போச்சு. மூணு நாள் அந்த மிஷின்கிட்ட மாரடிச்சேன். செவ்வாக்கிழமை மாமா பேங்குக்குப் போனதும், அனுவும் வெளிய போறது தெரிஞ்சுது. இதான் சமயம்னு நடுக்கதவு வழியா ஆபீஸுக்குள்ள போனேன்."

"உங்க வீட்டுக்காரரு?" என்றேன்.

"நல்லவருதான். அவுங்க அப்பா இருமினா, இவரு அனுமதி வாங்கிட்டுத்தான் தும்முவாரு."

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது.

"எடுத்தியே, சரி. போனை ஏன் தொட்ட?" என்றார் அகிலாண்டம்.

"பீரோ சாவி எந்த டிராயர்லன்னு தெரியல. தேடிக்கினு இருக்கும்போது அது கேட்டுச்சு, அழுத்தினேன். மறுபடி கேட்டுச்சு, அழுத்தினேன். மூணாவது தடவை பாஸ்போர்ட் என் கையில இருக்குது, நடுக்கதவுகிட்ட போயிட்டேன். திரும்பி வந்து அழுத்திட்டுப் போனேன்."

"மாட்டிக்குவோம்னு தோணலியா?"

"தோணுச்சு. ஆனா அனு கால் மணி நேரமா லைன்ல நின்னுக்கினு இருந்திருக்கா மேடம். கட்டாச்சுன்னா மறுபடி மொதல்லேருந்து நிக்கணும். அந்தக் கொடுமைய மூணு நாள் பட்டவ நான். அதை எப்படி வுட்டுட்டுப் போறது?"

அகிலாண்டம் மெல்ல ஆரம்பித்தார்: "அந்த அனு இப்ப போலீஸ் ஸ்டேஷன்ல இருக்குது. உன் பாஸ்போர்ட்டத் திருடிட்டான்னு."

பிரீதா ஓரடி முன்னால் வந்தாள்.

"பொய்! மாமாவுக்குத் தெரியுமே! அன்னிக்குச் சாயங்காலமே அவருக்கு மெசேஜ் அனுப்பினேனே!"

ஓடிப்போய் செல்போனை எடுத்து வந்தாள். நான் வாங்கிப் படித்தேன். செவ்வாய்க்கிழமை மாலை ஆறு ஐம்பது: 'மாமா, என் பாஸ்போர்ட்டை நான்தான் எடுத்துக்கிட்டேன். தேடாதீங்க.' அதற்கு ஏழேகாலுக்குப் பதில்: 'ஒழுங்கா எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்து சேர். இல்லாட்டி எப்படிப் போறேன்னு பாக்கறேன்.'

சிங்காரம் ஸ்டேஷனில் புகார் கொடுத்தது புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு.

"அட கிராதகா!" என்றேன். "தெரிஞ்சுக்கினே குடுத்திருக்கான் மேடம்!"

"பாஸ்போர்ட்ட கேன்சல் பண்ணணும்னா எப்.ஐ.ஆர். வேணும். எப்.ஐ.ஆர். வேணும்னா திருட்டு வேணும். திருட்டு வேணும்னா திருடி ஒருத்தி வேணும்" என்றார் அகிலாண்டம். "கைக்கெட்டுன தூரத்துல சம்பளத்துக்கு இருந்தது அனு."

உள்ளேயிருந்து பிரீதாவின் அம்மா வந்தார். "சனிக்கிழமை பிளைட்டு பாப்பா. இப்ப சிதம்பரம் போனா உங்க மாமனாரு உன்ன வுட மாட்டாரு. போனை இவுங்ககிட்ட குடுத்தனுப்பு, போதும்."

"அம்மா, எனக்காக ஒருத்தி பெஞ்சுல உக்காந்திருக்கா" என்றாள் பிரீதா. பெட்டிக்குள்ளிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "எந்த பஸ்ஸு மேடம்?"

* * *

நாங்கள் ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது மணி ஐந்தாக எட்டு நிமிஷம். சிங்காரம் இன்ஸ்பெக்டருக்கு எதிரில் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அனுப்பிரியா சுவரோரம் நின்றிருந்தாள். ரைட்டர் எப்.ஐ.ஆர். புத்தகத்தைப் பிரித்து வைத்துவிட்டார்.

பிரீதாவைப் பார்த்ததும் சிங்காரத்தின் மேல் கால் கீழே இறங்கியது.

"நீ எதுக்கு இங்க வந்த? வீட்டுக்குப் போ!"

"போறேன் மாமா. மஸ்கட் வீட்டுக்கு." பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஆனால் அதன் மேலிருந்த கையை எடுக்கவில்லை. "சார், காணாமப்போனது இதுதான். எடுத்தது நான். இது என்னோடது. இதுல எங்க சார் திருட்டு?"

இன்ஸ்பெக்டர் அகிலாண்டத்தைப் பார்த்தார். அகிலாண்டம் காலையிலிருந்து நடந்ததை நாலு வரியில் சொன்னார். மூன்று தடவை அழுத்திய ஒன்று, ஒன்பது ஐம்பதுக்கு வந்த புகார், ஆறு மணி பஸ் என்ற பொய். கடைசியில் செல்போனை நீட்டினார்.

"எனக்கு மெசேஜெல்லாம் பாக்கத் தெரியாது சார்!" என்றார் சிங்காரம் அவசரமாக.

"பாக்கத் தெரியாதவரு பதில் மட்டும் போட்டிருக்காரு" என்றேன். "அதுவும் மிரட்டல் தமிழ்ல, ஒரு எழுத்துப் பிழை இல்லாம."

"அவ என் மருமக சார். எங்க குடும்ப விஷயம். மானம் போவுதேன்னு ஒரு வேகத்துல…"

"உங்க மானத்துக்கு என் ஸ்டேஷன் புத்தகம்தான் கெடைச்சுதா?" இன்ஸ்பெக்டரின் குரல் உயர்ந்தது. காலையில் மிஷினை நம்பி ஏமாந்த கோபம் முழுவதும் அதில் இருந்தது. எப்.ஐ.ஆர். புத்தகத்தைப் பட்டென்று மூடினார். "அனுப்பிரியா, உன் மேல கேஸ் இல்ல. போலாம். திங்கக்கிழமை போயி ஜம்முனு வேலையில சேரு."

அனுப்பிரியா அசையவில்லை.

"சார், தெரிஞ்சே பொய்ப் புகார் குடுத்தா அது குத்தம் இல்லியா?"

"குத்தம்தான். நீ எழுதிக் குடுத்தா நான் எடுத்துத்தான் ஆகணும்." இன்ஸ்பெக்டர் குரலைத் தணித்தார். "ஆனா யோசிச்சுக்கம்மா. கோர்ட்டு, வாய்தான்னு அலையணும். புது வேலை வேற. எதிராளி வயசுல பெரியவரு."

சிங்காரம் எழுந்து கைகூப்பிவிட்டார். "அனு, நீ என் பொண்ணு மாதிரிம்மா. ஏதோ நடந்துபோச்சு. இதோட வுட்டுரு."

எல்லோரும் அவளைப் பார்த்தோம். இந்த இடத்தில் நம் ஊர்ப் பெண்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். போகட்டும் விடுங்க சார், எனக்கு வேலை கிடைச்சாப் போதும் என்பார்கள். ரைட்டர்கூடப் பேனாவை மூடப் போனார்.

"ரெண்டு நாளா அந்த பெஞ்சுல உக்காந்திருந்தேன்" என்றாள் அனுப்பிரியா. "வர்றவன் போறவனெல்லாம் திருடின்னு பாத்துட்டுப் போனான். எங்கப்பா வந்து உங்க கால்ல விழுந்தாரு. அப்ப நான் யாரு பொண்ணு?"

சிங்காரத்தின் கை கூப்பியபடியே நின்றது. அவள் காலியாக இருந்த நாற்காலியை இழுத்து, அவர் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"எழுதுங்க சார்."

இன்ஸ்பெக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு ரைட்டரைப் பார்த்துத் தலையசைத்தார். புத்தகம் மறுபடி பிரிந்தது.

"பேரு?"

"அனுப்பிரியா."

"அப்பா பேரு, சொந்த ஊரு?"

"பக்கிரி. மேல்பட்டாம்பாக்கம்."

"என்னா வேலை பாக்கற?" என்றார் ரைட்டர். காலையில் எழுதிய 'டிராவல்ஸ் ஆபீஸ் பணிப்பெண்' என்பதையே மறுபடி எழுதுவதற்காகப் பேனா இறங்கிக்கொண்டிருந்தது.

அனுப்பிரியா கைப்பையைத் திறந்து, நியமன ஆணையை எடுத்து விரித்து, புத்தகத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"இளநிலை உதவியாளர். தாலுகா ஆபீஸ், விருத்தாசலம்."